டேங்க் மூடியில் ஒரு வட்டம்

"இங்க பாருங்க, வட்டமா என்னமோ ஒட்டியிருந்து பிச்ச மாதிரி இருக்கு."

நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட மெதுவாத்தான் சொன்னீங்க. ஆனா என் காதுல விழுந்துருச்சுக்கா. நான் ஒட்டுக்கேக்கல. தண்ணி எடுத்துட்டு வண்டிக்கு அந்தப் பக்கமா வந்தேன், விழுந்துச்சு, அவ்வளவுதான். அவரு கவனிக்கல, குனிஞ்சு டயரைப் பாத்துட்டு இருந்தாரு. எங்கப்பாவும் கவனிக்கல. இந்த வண்டியைப் பாக்க இதுவரைக்கும் நாலு பேர் வந்துட்டாங்க. பெயிண்டைத் தடவிப் பாத்தாங்க, பானெட்டைத் திறந்து பாத்தாங்க, ஒருத்தர் அடியில படுத்தே பாத்தாரு. டேங்க் மூடியை யாரும் பாக்கல. நீங்கதான் பாத்தீங்க.

உக்காருங்கக்கா. அப்பாவும் உங்க வீட்டுக்காரரும் வண்டியை ஓட்டிப் பாத்துட்டு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையில நாலு வளைவு ஏறிக் காட்டிட்டுத்தான் அப்பா திரும்புவாரு. ஃபோர் வீல் போட்டுக் காட்டாம விடமாட்டாரு.

நான் பொதுவா யார்கிட்டயும் பேசுறவ இல்ல. கூச்சம். மதுரையில அஞ்சு வருஷம் பிசிக்ஸ் படிச்சேன், வகுப்புல நானா எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. பஸ்ல சில்லறை பாக்கின்னா கண்டக்டர்கிட்ட கேக்காம இறங்கிடுவேன். அப்படிப்பட்டவ. அதனாலதான் சொல்றேன், நான் செஞ்சதுல பாதிக்கு மேல நான் பேசாம இருந்ததால ஆனது. வேணும்னு செஞ்சது கொஞ்சம்தான். ஒரு ஸ்டிக்கர். உள்ளங்கை அளவு.

பெட்ரோல்னு சொன்னதும் உங்க வீட்டுக்காரர் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன்க்கா. "ஃபோர் வீல் வண்டி, பெட்ரோலா?"ன்னாரு. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. இந்த வீட்டுல பெட்ரோல்னு சொன்னது நான்தான்.

எங்களுக்கு மலை மேல, பூப்பாறைக்குப் பக்கத்துல ஏலத்தோட்டம் இருக்கு. பெருசெல்லாம் இல்ல. அதுக்குப் போக வர ஒரு பழைய டீசல் ஜீப் இருந்துச்சு, என்னை விட வயசு கூட அதுக்கு. பரமண்ணன்தான் டிரைவர். இருபத்தெட்டு வருஷமா எங்க வீட்டு வண்டியை ஓட்டுனவரு. எங்கப்பாவை விட ரெண்டு வயசுதான் சின்னவரு, ஊரே அண்ணன்னு கூப்பிடுறதால நானும் அண்ணன். போன சித்திரையில ஜீப்புக்கு எஃப்.சி. கிடைக்கல. இனி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. புது வண்டி வாங்கணும், மலைக்கு ஏத்த மாதிரி, நாலு சக்கரமும் இழுக்குற மாதிரி.

அப்பா என்னைக் கூப்பிட்டாரு. "ஜோதி, நீதான் படிச்சவ. எதை வாங்கலாம், எதுல ஓடுறதை வாங்கலாம்னு பாத்துச் சொல்லு"ன்னாரு. எங்கப்பா என்கிட்ட யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். இந்தப் பக்கம் டீசல், அந்தப் பக்கம் பெட்ரோல். இழுவை எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும். கரண்ட் வண்டிக்குக்கூட ஒரு பக்கம் விட்டிருந்தேன். அப்பா அதைப் பாத்துட்டு, "பதினேழாவது வளைவுல சார்ஜ் தீந்தா மின்னல் வந்துதான் போடணும்"னு சிரிச்சாரு. அந்தப் பக்கத்தை அடிச்சுட்டேன்.

மதுரையில ஷோரூமுக்குப் போயி ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் நடையில வச்சுப் பேச்சு. பரமண்ணன் நிலைக்கதவுகிட்ட நின்னுக்கிட்டே சொன்னாரு, "மலைக்கு டீசல்தான் மொதலாளி. ஏத்தத்துல மூச்சு வாங்காம இழுக்கும். தோட்டத்துல மோட்டாருக்கு பேரல்ல டீசல் கெடக்கு, அவசரத்துக்கு ரெண்டு லிட்டர் மோந்து ஊத்திக்கலாம். பெட்ரோல் தீந்தா மேல எவன் வச்சிருக்கான்?"

சரியான பேச்சுதான். நோட்டுல அந்த பேரல் இல்ல. எனக்குத் தோணவே இல்ல.

ஆனா நான் பேசினேன். நான்! எழுந்து நின்னு பேசினேன். "இப்ப வர்ற டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்குப்பா. அந்தக் கரி எரியணும்னா வண்டி பெரிய ரோட்டுல ஒரே வேகத்துல, சூடா, ரொம்ப நேரம் ஓடணும். நம்ம வண்டி வாரத்துல அஞ்சு நாள் வீட்டுக்கும் குடோனுக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஓடும். ஃபில்டர் அடைச்சுக்கும். அடைச்சா வண்டி வேகமே எடுக்காது"ன்னேன். பொய் இல்லக்கா, வேணும்னா நீங்க யாரையும் கேட்டுப் பாருங்க, அது உண்மை. உங்க வீட்டுக்காரர் டீசல்தான் வேணும்னு நின்னா, வண்டி எங்க ஓடப்போகுதுன்னு முதல்ல யோசிக்கச் சொல்லுங்க.

என்ன, ஏலக்காய் எடுப்பு சமயத்துல எங்க வண்டி தினமும் மலையேறும். ஆறேழு மாசம். அதை நான் கணக்குல சேக்கல. மறந்துட்டேன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன்.

மறக்கல. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்கு டீசல் வாடை ஆகாது. அந்த ஜீப்புல ஏறின நாள்ல இருந்து மூணாவது வளைவுல வாந்தி எடுப்பேன். சின்னப்பிள்ளையில இருந்து. கூலிக்கு வர்ற அக்காமாரெல்லாம் "பாப்பா ஆரம்பிச்சிருச்சுடி, சேலையைத் தூக்கு"ன்னு சிரிப்பாங்க. பரமண்ணன் டாஷ்போர்டுல எப்பவும் ஒரு எலுமிச்சம்பழமும் ரெண்டு பாலிதீன் பையும் வச்சிருப்பாரு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே பழத்தைக் கீறிக் கையில குடுப்பாரு. இருபத்துநாலு வயசாகியும் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு உக்காந்திருக்குறது எவ்வளவு அசிங்கம் தெரியுமா? ஷோரூம்ல அந்தப் பெட்ரோல் வண்டியில ஏறி உக்காந்தேன். சத்தமே இல்ல. வாடையே இல்ல. அங்கயே முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் எழுதினதுதான் அந்த நோட்டுல பாதி.

நான் பேசி முடிச்சதும் அப்பா பரமண்ணனைப் பாத்தாரு. அவரு கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம், "பாப்பா படிச்ச புள்ள மொதலாளி. சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாரு. முடிஞ்சுது. வெளிய போறப்ப என்கிட்ட மட்டும் கேட்டாரு, "இனி எலுமிச்சம்பழம் வாங்க வேண்டாம்ல பாப்பா?"

அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, பாருங்க.

வண்டி எடுக்கிற அன்னைக்கு ஷோரூம்ல அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "டேங்க் மூடியில தமிழ்ல பெருசா 'பெட்ரோல்'னு ஒட்டிக் குடுங்க. நம்ம வாய் முப்பது வருஷமா டீசல்னே சொல்லிப் பழகிருச்சு"ன்னாரு. அவங்க சிரிச்சாங்க. மூடிக்கு உள்ள இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், போதும்னாங்க. இவரு விடல. வெளிய டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில போயி மஞ்சள்ல வட்டமா வெட்டி, கறுப்பு எழுத்துல எழுதி வாங்கிட்டு வந்து அவரே ஒட்டினாரு. அசிங்கமாத்தான் இருந்துச்சு. வெள்ளை வண்டியில மஞ்சள் பொட்டு.

அவரு பெட்ரோல் பங்குக்குப் போனா எப்படிப் போடுவாரு தெரியுமா? இறங்கி வந்து, முதல்ல பெருவிரலால அந்த வட்டத்தை ஒரு தடவு தடவுவாரு. சாமி படத்தைத் தொடுற மாதிரி. அப்புறம்தான் வாயைத் திறந்து "பெட்ரோல்"னு சொல்லுவாரு. நான் கூடப் போனப்ப ரெண்டு தடவை பாத்தேன். எனக்கு இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயமெல்லாம் நல்லாத் தெரியும்க்கா. பேசாதவளுக்குப் பாக்குறதுதானே வேலை.

நாலு மாசம் நல்லா ஓடுச்சு. நான் வாந்தி எடுக்கல.

ஆவணியில ஒரு கல்யாணம், இங்கயே போடியில. நான் சீக்கிரம் சாப்பிட்டுட்டு வண்டிக்குள்ள வந்து உக்காந்துட்டேன், கூட்டம்னா எனக்கு ஆகாது. கண்ணாடி கறுப்பு, உள்ள ஆள் இருக்குறது தெரியாது. தோட்டக்காரங்க ரெண்டு பேரு வெத்தலை போட்டுக்கிட்டே வந்து மூடிகிட்ட நின்னாங்க.

"என்னய்யா இது, ராசாங்கம் வண்டிக்குப் பொட்டு வச்சிருக்கான்?"

"படிச்சுப் பாரு. பெட்ரோலாம்ல."

"மலைக்கா? அடப்பாவி, ஸ்கூட்டி இன்ஜினைத் தூக்கி மாட்டியிருப்பான் போல."

"மக சொல்லுச்சாம், வாங்குனானாம். பொட்டப்புள்ள நோட்டு போட்டுக் குடுத்துச்சாம்யா."

அப்ப அப்பா வந்துட்டாரு. அவங்க சும்மா இருக்கல. "என்ன ராசாங்கம், மலையேற மகளை முன்னால விட்டுத் தள்ளச் சொல்றியா?"ன்னு கேட்டாங்க. அப்பா சிரிச்சாரு. "அட, அது ஷோரூம்காரன் மாத்தி ஒட்டிட்டான்யா. டீசல்தான்"ன்னாரு.

அவங்க பேசிக்கிட்டே மண்டபத்துக்குள்ள போனதும்தான் நான் வண்டியில இருந்து இறங்கினேன். எங்கப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அதுவும் எனக்காக. இல்ல, எனக்காக இல்லையோ என்னவோ. வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டாரு. காலையில படிச்ச பேப்பர்.

மறுநாள் காலையில, அவரு குளிக்கிறப்ப, நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டுப் போயி அந்த ஸ்டிக்கரைத் தேய்ச்சு ஊற வச்சுப் பிச்சுட்டேன். ஓரம் வரல. நகத்தால சுரண்டுனேன். அந்தக் கோடுதான் நீங்க பாத்தது. பரமண்ணன் அப்ப லீவு, மக வளைகாப்புக்கு ஆண்டிபட்டி போயிருந்தாரு. வந்ததும் சொல்லணும்னு நினைச்சேன். "அண்ணே, ஸ்டிக்கரை எடுத்துட்டேன், பாத்து போடுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு போன். நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன். ஏன் எடுத்தேன்னு கேப்பாரு. கல்யாணத்துல நடந்ததைச் சொல்லணும். அப்பா பொய் சொன்னதைச் சொல்லணும். எனக்கு வரல. கூச்சமா இருந்துச்சு.

மூணாம் நாள் விடியக்காலை அவரு வந்து சாவியை எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். நான் முழிச்சுத்தான் இருந்தேன். இதை நான் பரமண்ணன்கிட்டகூடச் சொல்லல. முழிச்சுத்தான் இருந்தேன்க்கா.

தூறல். பங்குல இறங்கியிருக்காரு. பெருவிரலால தடவியிருக்காரு, ஒண்ணும் தட்டுப்படல. வாய் பழசைச் சொல்லிருச்சு. பங்க்காரரு தூக்கக் கலக்கத்துல இருந்திருக்காரு, பெரிய வண்டி வேற, ஊத்திட்டாரு. டேங்க்லயும் லைன்லயும் மிச்சம் கிடந்த பெட்ரோல்ல கொஞ்ச தூரம் போயிருக்கு. காய் எடுக்க வந்த அக்காமாரு ஆறு பேர் வண்டியில. ஒன்பதாவது வளைவுல ஒரேயடியா வெள்ளைப் புகை, வண்டி குலுங்கி நின்னுருச்சு. பின்னால வழுக்கியிருக்கு. அவரு குதிச்சு இறங்கி, கல்லை அண்டக் குடுத்து நிறுத்தியிருக்காரு. கல்லுக்கும் டயருக்கும் நடுவுல பெருவிரல் மாட்டி நகம் கறுத்துப்போச்சு. அந்த ஆறு பேரும் மழையில நடந்தே இறங்கி வந்தாங்க.

மத்தியானம் வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து இதோ, இங்கதான் நிறுத்தினாங்க. மெக்கானிக் டேங்கைத் திறந்து மோந்து பாத்துட்டு, டீசல்னாரு. பரமண்ணன்தான் முதல்ல சொன்னாரு, "ஸ்டிக்கர் இல்ல மொதலாளி. நான் லீவுல போறப்ப இருந்துச்சு, இப்ப இல்ல."

அப்பா மூடியைப் பாத்தாரு. தான் பிக்கலன்னு அவருக்குத் தெரியும். என்னை அவருக்குத் தோணவே இல்ல. அப்ப மிச்சம் யாரு? "நீதான்டா பிச்சிருக்க. அன்னைக்கே டீசல்தான் வேணும்னு நின்ன. உன் பேச்சு எடுபடலைன்னு நாலு மாசமா மனசுல வச்சிருந்து, டீசலை ஊத்தி வண்டியைக் கெடுத்துட்ட. பெட்ரோல் வண்டி மலைக்கு ஆகாதுன்னு ஊர் சிரிக்கணும், அதானே?"ன்னாரு. தெருவே நின்னு கேட்டுச்சு. "என் மக போட்ட கணக்கு மேல உனக்கு அவ்வளவு காண்டாடா?"

என் மக போட்ட கணக்கு. அப்படிச் சொன்னாரு.

பரமண்ணன் அந்த மூடியை நல்ல விரலால தடவுனாரு. தடவின விரலை மூக்குகிட்டக் கொண்டுபோனாரு. அப்புறம் தலையைத் தூக்கி, நான் நின்ன ஜன்னலைப் பாத்தாரு. ஒரு கண்ணு மூடித் திறக்கிற நேரம்தான். அப்புறம் சாவியை எடுத்து பானெட் மேல வச்சுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. நானும் சொல்லல.

வண்டிக்கு ஒண்ணும் ஆகலக்கா, பயப்படாதீங்க. டேங்கைக் கழட்டிக் கழுவி, லைனெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. நல்ல வண்டி. அதுக்கப்புறம் எத்தனை தடவை மலையேறிருச்சு. எங்கப்பாவுக்குத்தான் அதைப் பாக்கப் பிடிக்கல. வித்துட்டு டீசல் வாங்கப்போறாரு.

பரமண்ணனைத்தான் யாரும் கூப்பிடுறதில்ல. ஏலக்கடையில, சங்கத்துல, எல்லா இடத்துலயும் அப்பா சொல்லிட்டாரு. மொதலாளி வண்டியைக் கெடுத்தவன் கையில எவன் சாவியைக் குடுப்பான்? பஸ் ஸ்டாண்டுகிட்ட ஆக்டிங் டிரைவருங்க உக்காந்திருப்பாங்கள்ல, வேப்பமரத்தடியில, அங்கதான் தினமும் வந்து உக்காந்திருக்காரு. மத்தவங்களை வந்து கூட்டிட்டுப் போவாங்க. இவரு மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு எழுந்து போவாரு. நான் டைப்பிங் வகுப்புக்கு அந்த வழியாத்தான் போவேன். இப்பச் சுத்திப் போறேன்.

நான் ஒண்ணும் செய்யாம இல்ல. அவருக்குத் தெரியாம அவரு போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடுறேன், மாசாமாசம். யாராவது கூப்பிட்டா எடுக்கணும்ல? தீபாவளிக்கு அவரு மகளுக்கு ஒரு சேலை குடுத்தனுப்புனேன், அம்மா குடுத்தாங்கன்னு சொல்லச் சொல்லி. வீரபாண்டி கோயில்ல போயி மாரியம்மன்கிட்டச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன்.

போன மாசம் அவருகிட்டயே போனேன். ஆமாக்கா, நேராப் போனேன். அந்த மரத்தடிக்கு. மத்த டிரைவருங்கல்லாம் பாத்தாங்க. எனக்குக் காது சுட்டுச்சு. "அண்ணே, அந்த ஸ்டிக்கரை நான்தான் பிச்சேன்"னு சொல்லிட்டேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச கஷ்டமான காரியம் அதுதான். அவரு பீடியை அணைச்சுட்டு எழுந்து நின்னாரு, எப்பவும் எங்க முன்னால நிக்கிற மாதிரி.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே பாப்பா. மூடியில தேங்கா எண்ணெய் வாசம் அடிச்சுச்சு. டிரைவர் எவனும் வண்டிக்குத் தேங்கா எண்ணெய் போடமாட்டான்"ன்னாரு. அப்புறம், "எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற?"ன்னு கேட்டாரு. கோவமாக் கேக்கல. நிஜமாவே தெரியாம கேக்குற மாதிரி கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள, "பஸ்ல வந்தியா, நடந்து வந்தியா? வெயிலா இருக்கு, பாத்துப் போ"ன்னுட்டாரு.

வரும்போது மனசு லேசாயிருக்கணும்ல? ஆகல. சொல்லியாச்சு, அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, மன்னிச்ச மாதிரியும்தான் இருக்கு. அப்புறமும் ஏன் இப்படி இருக்குன்னு எனக்குத் தெரியலக்கா. ஒருவேளை வண்டி போயிட்டா சரியாயிடும். அந்த வட்டம் கண்ணுல படாம இருந்தா சரியாயிடும். நீங்க வாங்கிட்டுப் போயிடுங்களேன். கம்பத்துல, உங்க திராட்சைத் தோட்டத்துல ஓடட்டும். அங்க யாருக்கு என்ன தெரியப்போகுது.

அப்பாகிட்டயா?

அப்பாகிட்ட எப்படிக்கா? கல்யாணத்துல அவரு சொன்ன பொய்யை நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியாது. தெரு முழுக்க நின்னு கத்தினவரு, இப்ப மகதான்னு தெரிஞ்சா அவரு எங்க மூஞ்சியை வச்சுக்குவாரு? அவரு மனசு கஷ்டப்படும். நான் அவருக்காகத்தான் சொல்லல. பரமண்ணனே சொல்லலையே, நினைச்சிருந்தா அன்னைக்கே என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்ல? அவருக்கே அது வேணாம்னுதானே?

ஹாரன். வந்துட்டாங்க.

உங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே இறங்குறாரு, பாருங்க, வண்டி பிடிச்சிருச்சு போல. ஏத்தத்துல இழுத்திருக்கும். நான் சொன்னேன்ல, நல்ல வண்டின்னு. அப்பா கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாரு, கேக்குதா உங்களுக்கு? "ஒரே ஒரு தடவைதான் சார் மக்கர் பண்ணுச்சு, அதுவும் வண்டி மேல தப்பில்ல. பரமன்னு ஒரு டிரைவர் இருந்தான், இருபத்தெட்டு வருஷம் சோறு போட்டேன், வேணும்னே..." இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றாரு. வந்த நாலு பேர்கிட்டயும் சொன்னாரு. இந்த இடம் வந்ததும் நான் எழுந்து உள்ள போயிடுவேன், காபி போட.

காபிதான் கேக்குறாரு. "ஜோதி, நாலு காபி"ன்னு.

நீங்க ஏன்க்கா என்னையே பாக்குறீங்க? உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. ஒண்ணும் மறைக்கலையே. கையை விடுங்கக்கா, கூப்பிடுறாரு.

இல்ல, வேணாம். பிடிச்சுக்கங்க. அந்த மூடி வரைக்கும் வாங்க.

அப்பா. காபி இருக்கட்டும்ப்பா, ஒரு நிமிஷம் இங்க வாங்க. பரமண்ணன் இல்லப்பா. இந்த ஸ்டிக்கரை நான்தான் பிச்சேன்.